ஆறாவது கோரிக்கை

அவனிடம் டிப்பெக்ஸ் இருந்ததே இல்லை. நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று, இரண்டையும் சேர்த்துக் கட்டிய றப்பர் வளையம் ஒன்று. அவ்வளவுதான் அவன் சட்டைப் பையில் இருக்கும்.

கணக்கீடு படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. பேரேட்டில் பிழை விட்டால் வெள்ளை பூசி மறைக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு வெட்டிவிட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும், வெட்டியது என்னவென்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். உயர்தர வகுப்பில் எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்ததுதான். வகுப்பு முடிந்ததும் நாங்கள் அதை மறந்துவிட்டுக் காதல் கடிதத்துக்கும் டிப்பெக்ஸ் பூசினோம். அவன் மட்டும் அந்தச் சட்டத்தை வகுப்புக்கு வெளியே கொண்டுவந்துவிட்டான்.

அவனும் நானும் ஒரே ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். அவன் குருநகர்க் கரை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். நான் கரவெட்டி. எங்கள் வீட்டில் வெங்காயமும் புகையிலையும். இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன் ஒருவரும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதனாலோ என்னவோ முதல் கிழமையே ஒட்டிக்கொண்டோம். அவனுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதட்டுமா என்று கேட்பதற்கும் இப்போது எனக்கு வழியில்லை. வகுப்பில் அவனுக்கு வைத்த பட்டம் ‘திருத்தம்’. அந்தப் பட்டம் வந்ததற்கு நான்தான் காரணம்.

பருத்தித்துறை பஸ் பின்னேரம் எத்தனை மணிக்கு என்று அவனிடம் ஒருநாள் கேட்டேன். “அஞ்சு பத்து,” என்றான். நான் போய் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன். அடுத்த நாள் காலை விரிவுரை மண்டபத்து வாசலில் நின்றான்.

“மச்சான், நேற்று நான் சொன்னது பிழை. அஞ்சு பத்து இல்லை, அஞ்சு இருவது. ஸ்ராண்டிலை நிண்டு பாத்தனான்.”

“நான் அஞ்சு இருவதிலைதான்ரா போனனான். இப்ப அதுக்கென்ன?”

“ஒண்டுமில்லை. திருத்த வேணுமெல்லோ.”

பக்கத்தில் நின்ற அளவெட்டிக்காரி ஒருத்தி, எங்கள் வகுப்பில் வாய் அதிகம் அவளுக்குத்தான், அன்றே சொல்லிவிட்டாள்: “உவன் கலியாணத்திலை தாலியைக் கட்டிப்போட்டு அடுத்த நாள் வந்து திருத்தம் சொல்லுவான்.”

“அது வடிவாப் பாத்துத்தானே கட்டுவன்,” என்றான் அவன். அவனுக்குக் கோபம் வருவது குறைவு. பேசும்போது சொல் முடிந்ததும் ஒரு கணம் நிறுத்தி, சொன்னதைத் தானே ஒருமுறை கேட்டுப் பார்ப்பதுபோலத் தலையைச் சற்றுச் சரிப்பான். சரியென்றால் அடுத்த வசனத்துக்குப் போவான்.

இது எப்போதும் பகிடியாக முடிந்ததில்லை. ஒருமுறை அவனுடைய கல்குலேற்றர் காணாமற்போனது. வட்டுக்கோட்டைப் பெடியன் ஒருவன்தான் எடுத்திருப்பான் என்று இரண்டு மூன்று பேருக்குச் சொல்லிவிட்டான். பிறகு பார்த்தால் அது அவனுடைய பைக்குள்ளேயே கிடந்தது. வேறு ஆளென்றால் அந்தப் பெடியனைக் கூப்பிட்டுக் காதோடு மன்னிப்புக் கேட்டிருப்பான். இவன் விரிவுரை தொடங்குவதற்கு முன், நூற்றுச் சொச்சம் பேர் இருந்த மண்டபத்தில் முன்னுக்குப் போய் நின்றான்.

“முந்தநாள் நான் இன்னார் என்ரை கல்குலேற்றரை எடுத்தது எண்டு சொன்னனான். அது பிழை. அது என்ரை பைக்குள்ளைதான் இருந்தது.”

வட்டுக்கோட்டைப் பெடியன் தலையில் கை வைத்தான். “டேய் விசரா, பாதிப் பேருக்குத் தெரியாமக் கிடந்தது. இப்பதான்ரா முழுக் கம்பசுக்கும் தெரியும்!”

மண்டபம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தான் திருத்திய இடத்திலும் ஒருவனுக்கு நோகலாம் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. ஆனாலும் என்னிடம் சொன்னான்: “வேறை எப்பிடிச் செய்யிறது? சொன்னது சொன்னதுதானே. அதை இல்லையெண்டு ஆக்கேலாது. பக்கத்திலை சரியானதை வைக்கத்தான் ஏலும்.”

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பிழையாக ஏதும் போட்டால் நாங்கள் உடனே அழித்துவிடுவோம். அவன் அழித்ததே இல்லை. ‘மேலே உள்ளது பிழை, சரியானது கீழே’ என்று போடுவான். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் எனக்குத் தனியாக அனுப்ப நினைத்ததை அவன் குழுவில் போட்டுவிட்டான். கணக்கீட்டுப் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்த மூத்த விரிவுரையாளரைப் பற்றியது அது. அவரை நாங்கள் பெரிய சேர் என்போம். பெரிய சேரும் அந்தக் குழுவில் இருந்தார்.

‘இந்த மனிசன் பத்து வருசத்துக்கு முந்தின நோட்ஸைத்தான் வாசிக்குது.’

குழுவில் ஆளுக்காள் கத்தினோம். அழியடா. சேர் பாக்க முதல் அழி. அளவெட்டிக்காரி கும்பிடுகிற கைகளாகவே பத்துப் படம் போட்டாள். ஐந்து நிமிடம் கழித்து அவனுடைய பதில் வந்தது:

‘மேலே உள்ளது பிழை. பத்து வருடம் அல்ல, எட்டு. நோட்ஸின் முதற்பக்கத்தில் ஆண்டு உள்ளது.’

அடுத்த நாள் பெரிய சேர் கூப்பிட்டனுப்பினார். அவனையும், வகுப்புப் பிரதிநிதி என்றபடியால் என்னையும். சேர் மேசையில் அந்த நோட்ஸைப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கி, முதற்பக்கத்தைப் புரட்டினார்.

“எட்டு வருசமோ?”

“ஓம் சேர்.”

“இந்த முதற்பக்கம் பிறகு ரைப் பண்ணிச் சேர்த்தது. உள்ளுக்கு இருக்கிறது ஒன்பது வருசம்.”

“அப்ப நான் திரும்பவும் திருத்த வேணும் சேர்,” என்று சொல்லிக்கொண்டே அவன் போனை எடுத்து, அங்கேயே நின்று ‘ஒன்பது’ என்று குழுவில் போட்டான். பெரிய சேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“பாடத்திட்டத்தை மாத்தச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு,” என்றார். “மாணவரின்ரை பக்கத்தாலையும் கோரிக்கை எழுதிக் குடுங்கோ. உம்மை மாதிரி ஆக்கள் வாயாலை சொல்லிறதை எழுத்திலை தந்தா எனக்கும் மேலை கதைக்க லேசு.”

கோரிக்கைக்கு எங்களிடம் குறைவில்லை. நாங்கள் படித்த கணக்கீடு முழுவதும் கடதாசியில் இருந்தது. மூன்று மணித்தியாலம் அடிமட்டத்தால் கோடு கீறி, பேரேடு எழுதி, பரீட்சை மீதியில் வரவும் செலவும் சமப்படுகிறதா என்று வியர்த்துப்போய்ப் பார்ப்போம். வெளியே அந்த வேலையைக் கணினி ஒரு கணத்தில் செய்துகொண்டிருந்தது. எங்களுக்கு இரண்டு ஆண்டு மூத்த ஓர் அண்ணை கொழும்பில் நேர்முகத்துக்குப் போய்வந்து சொன்ன கதை வகுப்பு முழுக்கத் தெரியும். “கணினியைக் காட்டி ஒரு பதிவு போட்டுக் காட்டச் சொன்னாங்கள். நான் பேப்பர் கேட்டன். அதிலை இருந்த பெட்டை சிரிச்சிட்டுது.” அவர் முதல் வகுப்பில் சித்தியடைந்தவர்.

கன்ரீனுக்குப் பின்னால் இருந்த சீமெந்து மேசையில் ஒரு பின்னேரம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். முதலாம் ஆண்டிலேயே கணினிக் கூடம் வேண்டும். பரீட்சையில் பாதி கணினியில் இருக்க வேண்டும். நிறுவனங்களில் பயிற்சி வேண்டும். தரவைப் பகுத்துப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் தவணையில் ஆங்கிலக் கலைச்சொற்களை விளக்க வேண்டும். ஐந்தும் சண்டையில்லாமல் முடிந்தன. எழும்பப் போனபோது அவன் சொன்னான்:

“இன்னுமொண்டு இருக்கு.”

“வந்திட்டுது திருத்தம்,” என்றாள் அளவெட்டிக்காரி.

“பேப்பரிலை வெள்ளை பூசினாலும் தடவிப் பாத்தாத் தெரியும். கணினியிலை ஒரு பட்டன். தட்டினாப் போட்டுது. பிறகு பிழையே விடாத ஆள் மாதிரி நிப்பம்.”

“நல்லதுதானே?”

“உனக்கு நல்லது. கணக்கைச் சோதிக்க வாற ஆளுக்கு? எங்களுக்கு எந்தப் பட்டனை எங்கை தட்டிறதெண்டு மட்டும் படிப்பிச்சா, பழைய நோட்ஸுக்குப் பதிலாப் புது நோட்ஸ். அவ்வளவுதான். பிழையை அழிக்காமல் எதிர்ப்பதிவு போட்டுத் திருத்திற முறையைப் படிப்பிக்க வேணும். சோதினையிலையும் அதை ஏற்க வேணும்.”

எதிர்ப்பதிவு என்றால் பெரிய வித்தை இல்லை. பிழையான பதிவை அப்படியே விட்டு, அதற்கு நேர் எதிரான ஒன்றைப் பதிந்து அதன் கணக்கைத் தீர்ப்பது. பிறகு சரியானதைப் பதிவது. ஒரு பிழைக்கு மூன்று பதிவு. என்னுடைய கொப்பியை இழுத்து, ஆறு என்று இலக்கமிட்டு அவனே தன் கையால் எழுதினான். எல்லோரும் சரியென்றோம். நானும் சரியென்றேன்.

கடிதத்தை ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்தது நான். ஐந்து கோரிக்கையோடு அது ஒரு பக்கத்தில் அழகாக முடிந்தது. ஆறாவதைச் சேர்த்தால் இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போனது. ஒரு பக்கத்துக்கு மேல் போனால் மேலே உள்ளவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று யாரோ என் தலையில் ஏற்றிவைத்திருந்தார்கள். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தைக் குறைத்துப் பார்த்தேன். பிறகு ஆறாவதை எடுத்துவிட்டேன். கையெழுத்துகள் தனித் தாளில் ஏற்கெனவே வாங்கியாயிற்று. அவனுடைய கையெழுத்து முதலாவதாக இருந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் மறந்துபோனேன்.

நாங்கள் எதிர்பார்க்காத வேகத்தில் மாற்றம் வந்தது. எங்கள் இறுதியாண்டிலேயே ஒரு பாடம் முழுவதும் கணினிக்குப் போனது. புதிய கூடம், குளிரூட்டி, புதுக் கதிரையின் பிளாஸ்ரிக் மணம். அந்த மாதங்களில் அவனைப் பார்க்க வேண்டும். ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுவான். யாருக்குப் பரீட்சை மீதி பிழைத்தாலும் அவன் பின்னால் வந்து நிற்பான். “அழிக்காதை. முதல் எங்கை வழுக்கினதெண்டு பாப்பம்,” என்பான். படிப்பு முடிய அந்தக் கூடத்தில் போதனாசிரியர் இடம் ஒன்று வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. அது அவனுக்குத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அதுவரையான பெறுபேற்றில் அவன் முதலாவது, நான் இரண்டாவது. அவனுடைய தாய் அயலெல்லாம் சொல்லிவிட்டா. கடலுக்குப் போகாத முதல் ஆம்பிளை எங்கடை வீட்டிலை இவன்தான் என்று.

அந்தக் கணினிப் பாடத்தின் சோதனையில் நாற்பது பதிவுகள். திருத்துவதும் கணினிதான். அதில் எங்களுக்குப் பெருமையும் இருந்தது.

ஏழாவது பதிவில் அவன் ஒரு பிழை விட்டான். கடனுக்கு வாங்கிய பொருளைக் காசுக்கு வாங்கியதாகப் பதிந்துவிட்டான். உடனே கண்டுகொண்டான். அழிக்கவில்லை. எட்டாவதாக எதிர்ப்பதிவு போட்டான். ஒன்பதாவதாகச் சரியானதைப் பதிந்தான். மிகுதி முப்பத்து மூன்றையும் பிழையின்றிச் செய்து முடித்தான். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வந்த ஐந்தொகை சதக் கணக்கில்கூடச் சரியாக இருந்தது.

ஆனால் திருத்திய கணினி ஐந்தொகையைப் பார்க்கவில்லை. அது முதலாவது பதிவை முதலாவது விடையோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டுக்கொண்டே போனது. ஏழாவதிலிருந்து அவனுடைய பதிவுகள் எல்லாம் இரண்டிடம் தள்ளி நின்றன. ஒன்றும் பொருந்தவில்லை. நாற்பதுக்கு ஆறு. சித்தியில்லை.

அதே சோதனையில் நானும் நான்கு பிழை விட்டேன். நான்கையும் அழித்தேன். எனக்கு நாற்பதுக்கு நாற்பது.

கணினி திருத்தியபடியால் பெறுபேறு மூன்றாம் நாளே வந்துவிட்டது. பெரிய சேர் அவனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நானும் கூட நின்றேன்.

“தம்பி, கேளும். இரண்டாம் தரம் எழுதினா என்ன எழுதினாலும் சாதாரண சித்திதான் போடுவினம். வகுப்புச் சித்தியும் போயிடும். ஒரு மெடிக்கல் குடும். சோதினை நேரம் தலை சுத்தினது எண்டு. குடுக்க இன்னும் பத்து நாள் கிடக்கு. அடுத்த முறை எழுதிறது முதல் தரம் மாதிரி எடுபடும்.”

மெடிக்கல், அதாவது வருத்தமென்று டொக்டர் தருகிற சான்றிதழ், எங்களுக்குப் புதிதில்லை. படித்து முடியாதவன், காதல் முறிந்தவன், விடியப் பஸ்ஸைத் தவறவிட்டவன், எல்லோரையும் அந்த ஒரு துண்டுதான் காப்பாற்றியது. பாவம் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

“எனக்கு அண்டைக்கு வருத்தம் ஒண்டும் இல்லை சேர்,” என்றான்.

“தெரியுமடாப்பா. அதுக்குத்தானே மெடிக்கல்.”

“சுகமா இருந்தனான் சேர். பிழை விட்டன். திருத்தினன். அது தெரியத்தானே வேணும்.”

நான் எங்கள் ஊர் டொக்டரிடம் போய் அவனுடைய பெயரில் துண்டே வாங்கிவந்துவிட்டேன். அவன் அதை இரண்டு பக்கமும் வாசித்தான். “நல்ல கையெழுத்து,” என்று திருப்பித் தந்தான். பத்து நாளும் கடந்து போயின. அவன் மேல்முறையீடு எழுதினான்.

மேல்முறையீட்டுக்குக் குழு கூடியது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர், பெரிய சேர் ஓரத்தில். இந்தப் பக்கம் அவன், பக்கத்தில் பிரதிநிதியாக நான். தலைவராக இருந்தவர் கொடுமையான ஆள் இல்லை. தன்மையாகத்தான் கேட்டார்.

“இந்தச் சோதினை முறையை நீங்கள்தானே கேட்டனீங்கள்? அழிக்காமத் திருத்தினா ஏற்க வேணும் எண்டு எங்கையாவது கேட்டிருந்தா, நாங்கள் கவனிக்காம விட்டது எங்கடை பிழை. உமக்குச் சாதகமா முடிவெடுக்க இடமிருக்கு.”

அவனுடைய முகம் மலர்ந்தது. “ஓம் சேர், கேட்டனாங்கள். ஆறாவது கோரிக்கை.”

தலைவர் கடிதக் கோவையைத் திறந்தார். ஒரு பக்கக் கடிதம். விரலால் எண்ணினார். “இதிலை அஞ்சுதான் இருக்கு.”

அவன் என்னைப் பார்த்தான். அவனுடைய பார்வையில் குற்றச்சாட்டு இருக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த ஒருவனிடம் கேட்கிற பார்வை. நான் மேசையில் கிடந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தேன். தலைவர் என்னிடம் திரும்பினார்.

“நீர்தானே பிரதிநிதி? எத்தினை கோரிக்கை?”

ஆறு எழுதினோம், ஒன்றை நான் எடுத்தேன் என்று சொல்லப் பத்துச் சொற்கள் போதும். அவன் தப்பியிருப்பான். போதனாசிரியர் இடம் அவனுக்குப் போயிருக்கும். இவ்வளவும் அந்த ஒரு கணத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“அஞ்சு சேர்,” என்றேன்.

அவன் தலையைச் சற்றுச் சரித்தான். வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம் அப்படியே இருந்தான். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னான்:

“அப்ப நான் இப்ப சொன்னது பிழை சேர். ஆறில்லை, அஞ்சு.”

வெளியே வந்ததும் நடைபாதையில் நின்று கேட்டான். “உன்ரை கொப்பியிலை நான் எழுதினதெண்டுதான் மச்சான் எனக்கு ஞாபகம். சிலவேளை எழுத நினைச்சுப்போட்டு விட்டிட்டனோ?”

“எனக்கும் வடிவா ஞாபகம் இல்லை,” என்றேன். அந்தக் கொப்பி அப்போது என் பைக்குள் இருந்தது.

கன்ரீன் மேசையில் கூடியிருந்த மற்றவர்களையும் கேட்டுப் பார்த்தான், எத்தனை கோரிக்கை என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. அவன் அந்தப் பாடத்தைத் திரும்ப எழுதினான். அந்த முறை ஒரு பிழையும் விடவில்லை. சாதாரண சித்தி போட்டார்கள். போதனாசிரியர் இடம் எனக்கு வந்தது. செய்தி கேட்டு முதல் வந்து கை தந்தவனும் அவன்தான். “நீ வடிவாச் செய்வாய்,” என்றான்.

ஆனால் கடைசி மாதங்களில் ஆள் மாறிக்கொண்டு வந்தான். “நான் இதை நேற்றுச் சொன்னனானோ?” என்று கேட்கத் தொடங்கினான். உள்ளங்கையில் பேனாவால் குறிப்பு எழுதினான். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்த்தான். அடுத்த நாள் வந்து திருத்தம் சொல்லும் பழக்கம் நின்றுபோனது. எது சரி, எது பிழை என்று தனக்கே நிச்சயமில்லாதவன் எதைத் திருத்துவது? அவனுக்கு வந்த குழப்பம் சோதனையால் வந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் ஒருவன்தான் காரணம் தெரிந்து வைத்திருந்தேன்.

நான்கு ஆண்டு போனது. இந்த ஆண்டு பாடத்திட்டத்தைத் திரும்பவும் மாற்றினோம். வெளியிலிருந்து வந்த கணக்காய்வாளர்கள் முதலில் கேட்ட கேள்வியே, உங்கள் பிள்ளைகள் பிழையை எப்படித் திருத்துகிறார்கள் என்பதுதான். இனி அழிக்க முடியாது. ஒவ்வொரு திருத்தமும் தடத்தோடு இருக்க வேண்டும். அதற்கான பாடக் குறிப்பை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பழைய கொப்பியைத் தேடி எடுத்து, அவன் தன் கையால் எழுதியிருந்த மூன்று வரியைப் பார்த்தே தொடங்கினேன். குறிப்பு நன்றாக வந்திருக்கிறது என்றார்கள். அன்று பின்னேரமே கொப்பியை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போனேன்.

கரையில் நண்டு வாங்கி ஏற்றுமதி செய்கிற கம்பனி ஒன்றில் நின்றான். றப்பர் சப்பாத்து, கழுத்தில் தொங்கும் சின்னக் கணினித் தட்டு. பெண்கள் நண்டைத் தரம் பிரித்துத் தராசில் வைத்து நிறையைச் சொல்லச் சொல்ல இவன் தட்டில் பதிந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் சிரித்தான். அதே சிரிப்பு. மெலிந்திருந்தான்.

“தம்பி, பதினாலில்லை, பதினொண்டு!” என்று ஒரு பெண் கத்தினா.

அவன் பதினாலை ஒரு விரலால் அழித்துவிட்டுப் பதினொன்று போட்டான். அதைச் செய்யும்போது அவன் தட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

வேலை முடியும்வரை நின்று, ஐஸ்பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போனது, நான் எடுத்தது, மேல்முறையீட்டுக் குழுவின் முன் ‘அஞ்சு’ என்றது, நடைபாதையில் பொய் சொன்னது. கொப்பியையும் கொடுத்தேன். தன்னுடைய எழுத்தை அவன் வெகுநேரம் பார்த்தான்.

“அப்ப எனக்கு மறக்கேல்லை,” என்றான்.

“இல்லை.”

“எழுதினனான்.”

“ஓம்.”

ஏசுவான் என்று நின்றேன். அவன் என் கையைப் பிடித்தான். “வா, வீட்டை போவம். அம்மாட்டை இதை ஒருக்காச் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டா.”

வீடு இரண்டு ஒழுங்கை தள்ளி. தாய் முற்றத்தில் இருந்து ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. அவன் கொப்பியை விரித்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க, நான் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை சொல்வது கடினமாக இருந்தது. அவவுக்குக் கடிதமும் பதிவும் விளங்கியிருக்காது. அவ மகனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

“அப்ப உனக்கு மறதி வருத்தம் இல்லையோ, ராசா?”

“இல்லையம்மா.”

“நாலு வருசமா ஒவ்வொரு செவ்வாயும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினனானடா,” என்றா. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. பிறகு என்னிடம் திரும்பினா. “அண்டைக்கு ஏனப்பு நீ சொல்லேல்லை?”

பஸ்ஸில் வரும்போது இதற்குப் பல பதில்கள் யோசித்து வைத்திருந்தேன்.

“எனக்கு அந்த வேலை வேணுமா இருந்தது, அம்மா.”

அவ தலையை ஆட்டினா. அடுத்த மீனை எடுத்துச் செதிலைச் சுரண்டத் தொடங்கினா. இரு என்று சொல்லவில்லை. தேத்தண்ணி குடிக்கிறியோ என்றும் கேட்கவில்லை.

அவன் என்னோடு பெரிய தெருவரை நடந்து வந்தான். கொப்பியைத் தானே வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். வைத்துக்கொள் என்றேன். பஸ் தூரத்தில் திரும்பி வருவது தெரிந்தது.

“நீ வந்து சொன்னது நல்லது மச்சான்,” என்றான். தலையைச் சற்றுச் சரித்துச் சொன்னதைத் தனக்குள் கேட்டுப் பார்த்தான். பிறகு அதே குரலில், கோபம் துளியும் இல்லாமல் சொன்னான்:

“இனி வராதை.”

அது மூன்று மாதத்துக்கு முன். நான் போகவில்லை.